உடல் முழுதும் ஒரே கட்டளை

நிமிடத்துக்கு 180, 190 என்று இதயம் ஓட, நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். ஈ.சி.ஜி. தாளில் குறுகிய அலைகள், சீரான இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஓட்டம் அடங்கவில்லை. அடுத்தது ஓர் ஊசி. அதைப் போடுமுன் மருத்துவர் எச்சரிப்பார்: "சில செகண்ட் நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கும், உயிரே போற மாதிரிகூட இருக்கும். பயப்படாதீங்க, உடனே சரியாயிடும்." முழங்கை மடிப்பில் குத்திய வென்ஃப்ளான் வழியாக 6 மில்லிகிராம் மருந்து ஒரே தள்ளாக உள்ளே போகிறது, பின்னாலேயே சலைன். ஈ.சி.ஜி. கோடு சில நொடி படுத்துவிடுகிறது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. இதயம் 80, 85 என்று நிதானத்துக்கு வருகிறது.

மருந்தின் பெயர் அடினோசின். இது ஆய்வகத்தில் புதிதாக உருவாக்கிய பொருள் அல்ல. இந்த வரியைப் படிக்கும் உங்கள் மூளையிலும் இதயத்திலும் இப்போதே சுரந்துகொண்டிருப்பது. ரத்தத்தில் செலுத்தினால் 10 நொடிக்குள் பாதி காணாமல் போய்விடும். சிவப்பணுக்களும் ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களும் அதை உள்ளே இழுத்து வேறு பொருளாக மாற்றிவிடும்.

இதே அடினோசின் மூளையில் தூக்கத்தை வரவழைக்கிறது. இதயத்தின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்குழாய்களையோ சுருக்குகிறது. ஆஸ்துமாக்காரர் இதை முகர்ந்தால் மூச்சுக் குழல் இறுகும். மற்றவருக்கு ஒன்றும் ஆகாது. நோயெதிர்ப்புச் செல்களைச் சண்டையை நிறுத்தச் சொல்கிறது. உடம்பில் இதற்குச் செவிசாய்க்காத உறுப்பே இல்லை எனலாம். மருந்து தயாரிப்பவர்களுக்கு ஆசை காட்டுவதும் அந்தக் குணம். அவர்களைக் கவிழ்ப்பதும் அதுவே. ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், இந்தத் துறையில் வென்றவை வீரியம் மிகுந்த மருந்துகள் அல்ல. எங்கே, எவ்வளவு நேரம், யாரிடம் என்ற மூன்று எல்லைகளில் ஒன்றாவது தெளிவாக அமைந்த மருந்துகளே வென்றிருக்கின்றன.

கேம்பிரிட்ஜில் தொடங்கியது

1929இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆலன் டிரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியும் இதயத் தசையிலிருந்து ஒரு சாறு எடுத்தார்கள். அதை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்தியதும் இதயத் துடிப்பு மந்தமானது, ரத்த அழுத்தம் இறங்கியது, இதயத் தமனிகள் விரிந்தன. சாற்றைச் சுத்திகரித்துப் பார்த்தபோது அதில் இருந்தது அடினைன் சேர்ந்த ஒரு பொருள். அதே குடும்பத்து அடினோசினும் அதே வேலையைச் செய்தது. சென்ட்-ஜார்ஜி பிற்பாடு வைட்டமின் சி தொடர்பான ஆய்வுக்காக 1937இல் நோபல் பரிசு பெற்றவர். அடினோசினுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மனிதர்களிடமும் செலுத்திப் பார்த்துவிட்டு, சில நொடியில் கரைந்துபோகும் பொருளை வைத்து என்ன வைத்தியம் செய்வது என்று கைவிட்டார்கள். அமெரிக்காவில் அது இதய ஊசியாக அனுமதி பெற்றது 1989இல். அறுபது ஆண்டு காத்திருப்பு.

அடினோசின் எதற்காகச் சுரக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் 1963இல் வந்தது. இதயத் தசைக்கு ஆக்சிஜன் குறையும்போது அடினோசின் வெளியேறித் தமனிகளை விரித்து ரத்தத்தை வரவழைக்கிறது என்று அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ராபர்ட் பெர்ன் சொன்னார். இதன் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. செல்லின் எரிபொருள் ஏ.டி.பி. அது செலவாகச் செலவாக மிஞ்சும் துண்டுகளில் ஒன்று அடினோசின். செல்லுக்குள் ஏ.டி.பி.யின் அளவு அடினோசினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். எனவே ஏ.டி.பி.யில் சிறு சரிவு ஏற்பட்டாலும் அடினோசின் பல மடங்கு ஏறிவிடும். உழைப்பு வரவை மிஞ்சிய இடத்தில் தானாகவே எழும் அபயக்குரல் இது. செய்தி இரண்டே: வேலையைக் குறை, ரத்தத்தைக் கூட்டு.

நான்கு ஏற்பிகள்

குரல் எழுந்தால் கேட்க ஆள் வேண்டும். செல்லின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்னும் புரதமே கேட்கும் ஆள். லண்டனில் பணியாற்றிய ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1978இல், அடினோசினைக் கேட்கும் ஏற்பிகள் வேறு, ஏ.டி.பி.யைக் கேட்கும் ஏற்பிகள் வேறு என்று பிரித்துக் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அடினோசினுக்கு மட்டும் நான்கு ஏற்பிகள் இருப்பது உறுதியாயிற்று: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3.

ஏ1, ஏ3 இரண்டும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளைக் குறைக்கும். ஏ2ஏ, ஏ2பி இரண்டும் அதைக் கூட்டும். இதயத்தின் மின் பாதையில், மூளையில், சிறுநீரகத்தில் ஏ1 அதிகம். இதயத் தமனிகளிலும், மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியிலும், நோயெதிர்ப்புச் செல்களிலும் ஏ2ஏ அதிகம். ஏ2பி சாதாரணமாகச் சும்மா இருக்கும். அடினோசின் வெள்ளமாகப் பெருகினால்தான் அசையும். ஒரே கட்டளைக்கு இடத்துக்கு இடம் வேறு பலன் கிடைப்பது இந்த நால்வரின் பங்கீட்டால்தான்.

மருந்தால் இங்கே இரண்டு காரியம் செய்யலாம். அடினோசினைப் போலவே நடித்து ஏற்பியைத் தூண்டலாம். அல்லது ஏற்பியை அடைத்து, அடினோசினை அண்டவிடாமல் செய்யலாம். இரண்டாவது வேலையை உலகம் முழுவதும் தினமும் செய்துகொண்டிருப்பது காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன். கூட்ட நெரிசலில் பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு வைப்பார்களே, அப்படித்தான். துண்டு பயணி அல்ல. ஆனாலும் அது கிடக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. விழித்திருக்க விழித்திருக்க மூளையின் முன்னடிப் பகுதியில் அடினோசின் சேர்ந்துகொண்டே போவதும், தூங்கினால் இறங்குவதும் 1997இல் பூனைகளில் அளந்து காட்டப்பட்டது. காஃபீன் அந்த அடினோசினை அழிப்பதில்லை. அது சொல்வதைக் கேட்கவிடாமல் செய்கிறது, அவ்வளவே. களைப்பு அப்படியே இருக்கும். காஃபீன் வடிந்ததும் வந்து அமுக்கும்.

இரண்டு வழிகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தூண்டும் மருந்து, போன இடமெல்லாம் கட்டளை போடும். தேவை இருக்கிறதா என்று பார்க்காது. அடைக்கும் மருந்தோ அடினோசின் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் காட்டும். பேச்சில்லாத இடத்தில் அடைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்து வரும் வெற்றி தோல்விகளில் பாதியை இந்த ஒரு வித்தியாசம் விளக்கிவிடும்.

நொடிகளால் கட்டிய வேலி

அவசரப் பிரிவு நோயாளிக்குத் திரும்புவோம். அவருடைய இதயத்தில் மின்சாரம் ஒரு வட்டத்தில் சிக்கிச் சுற்றுகிறது. அந்த வட்டம் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணு வழியாகப் போகிறது. அடினோசின் அங்கிருக்கும் ஏ1 ஏற்பியைத் தொட்டதும் பொட்டாசியம் வாயில்கள் திறந்து, கணு சில நொடி மரத்துப்போகிறது. வட்டம் அறுகிறது. மறுபடி இதயத்தின் இயல்பான மின் ஊற்று பொறுப்பேற்கிறது. 6 மில்லிகிராமில் அடங்காவிட்டால் ஓரிரு நிமிடம் கழித்து 12 மில்லிகிராம் கொடுப்பார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற கோளாறுகளில் மின்குழப்பம் கணுவை நம்பி நிற்பதில்லை. எனவே அங்கே இந்த ஊசி துடிப்பை ஒரு கணம் மந்தமாக்குமே தவிர, கோளாறைத் தீர்க்காது.

1930களில் குறையாகத் தெரிந்த அற்ப ஆயுள்தான் இங்கே பலம். அடினோசின் ஒரு மணி நேரம் ரத்தத்தில் நிற்கக்கூடிய பொருளாக இருந்திருந்தால், ஏ.வி. கணுவை அவ்வளவு நேரம் அடைக்கும் மருந்தை எந்த மருத்துவரும் தொடமாட்டார். நெஞ்சழுத்தம், முகச்சிவப்பு, மரண பயம் எல்லாம் உண்டு. எல்லாம் நொடிக் கணக்கில் வடிந்துவிடுகின்றன.

இதே பொருளைச் சில நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டால் வேறொரு பயன். டிரெட்மில்லில் ஓட முடியாதவருக்கு இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடினோசின் ஏ2ஏ ஏற்பி வழியாக நல்ல தமனிகளை விரிக்கும். அடைப்புள்ள பாதையில் ரத்தம் அந்த அளவு கூடாது. கதிரியக்கச் சுவடுப்பொருளை ஏற்றிப் படமெடுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும். ஆனால் அடினோசின் நான்கு ஏற்பிகளையும் தொடுவதால் சிலருக்குத் துடிப்பு தடுமாறும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிழுக்கும். எனவே ஏ2ஏ ஏற்பியையே குறிவைக்கும் ரெகடெனோசன் வந்தது. அமெரிக்காவில் 2008இல் அனுமதி. எடை எதுவானாலும் 0.4 மில்லிகிராம், ஒரே ஊசி. தொந்தரவு நீடித்தால் மாற்று மருந்தாகக் கொடுப்பது அமினோஃபிலின். அது காஃபீனின் நெருங்கிய உறவான தியோஃபிலினை உடம்புக்குள் தரும் மருந்து.

தியோஃபிலின் நம்மூரில் புதிய பெயர் அல்ல. இளைப்புக்கு டெரிஃபிலின் மாத்திரை வாங்காத குடும்பம் குறைவு. அதில் இருப்பவற்றில் ஒன்று தியோஃபிலின். அடினோசின் ஏற்பிகளை அடைப்பது அதன் வேலைகளில் ஒன்று. உடம்பெங்கும் ஒரேயடியாக அடைப்பதன் ஆபத்தையும் இதே மருந்து காட்டுகிறது: ரத்தத்தில் அளவு கொஞ்சம் எல்லை மீறினாலும் வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகும். இன்ஹேலர்கள் வந்தபின் அது பின்வரிசைக்குப் போனதற்கு இந்தக் குறுகிய பாதுகாப்பு எல்லையும் ஒரு காரணம்.

ஒரு கிலோ குழந்தைக்குக் காஃபீன்

அடைக்கும் மருந்துகளின் ஆகச்சிறந்த வெற்றி, பிறக்க வேண்டிய காலத்துக்குப் பல வாரம் முன்னே பிறந்த குழந்தைகளிடம் கிடைத்தது. இவர்களுடைய மூளையில் மூச்சை நடத்தும் மையம் முதிர்ந்திருக்காது. மூச்சு திடீரென்று நிற்கும், ஆக்சிஜன் குறையும், குறைந்தால் அடினோசின் கூடும், கூடினால் மூச்சு மையம் இன்னும் மந்தமாகும். இந்தச் சுழலை அறுக்க 1970களில் முதலில் தியோஃபிலினும் பிறகு காஃபீனும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை மூச்சுவிட்டது.

மருத்துவர்களை ஒரு சந்தேகம் அரித்தது. ஆக்சிஜன் குறையும்போது மூளையைக் காப்பதே அடினோசின்தானே? அந்தக் காவலை வாரக்கணக்கில் அடைத்துவைத்தால் குழந்தையின் மூளைக்கு என்ன ஆகும்? கனடாவின் பார்பரா ஷ்மிட் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்தன. பிறப்பெடை 500 முதல் 1,250 கிராம்வரை உள்ள 2,006 குழந்தைகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காஃபீன் சிட்ரேட், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி.

2006இல் வந்த முதல் முடிவு நுரையீரலைப் பற்றியது. நீடித்த நுரையீரல் நோய் மருந்தில்லாத குழந்தைகளில் 46.9 சதவீதத்தினருக்கு வந்தது. காஃபீன் பெற்றவர்களில் 36.3 சதவீதத்தினருக்கு. காஃபீன் குழந்தைகள் வென்டிலேட்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக விடுபட்டதே இதற்கு முக்கியக் காரணம். எல்லோரும் அஞ்சிய கேள்விக்கு மறு ஆண்டு விடை கிடைத்தது. ஒன்றரை வயதைத் தாண்டிய நிலையில், பெருமூளை வாதம் காஃபீன் குழந்தைகளில் 4.4 சதவீதம், மற்றவர்களில் 7.3 சதவீதம். கெடுக்கும் என்று பயந்த மருந்து காத்திருந்தது. 11 வயதில் பார்த்தபோதும் காஃபீன் பெற்றவர்களிடம் உடல் இயக்கக் குறைபாடு குறைவாகவே இருந்தது. இன்று நம் ஊர் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் காஃபீன் வழக்கமான மருந்து. பெரியவர் உடம்பில் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன் இந்தக் குழந்தைகளிடம் ஏறத்தாழ 100 மணி நேரம் எடுத்துக்கொள்வதால், நாளுக்கு ஒரு வேளை போதும்.

இங்கே காலத்துக்கு வேலி இல்லை, உறுப்புக்கும் இல்லை. ஆனால் 'யாரிடம்' என்பது துல்லியமாக அமைந்தது: எந்த நோயாளியிடம் அடினோசினின் பேச்சு தொல்லையாக மாறிவிட்டதோ, அவரிடமே மருந்து போனது.

பார்க்கின்சனில் பாதி வெற்றி

மூளையின் ஸ்ட்ரையேட்டத்தில் அசைவைத் தடுத்து நிறுத்தும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. டோபமின் அந்தத் தடையைத் தளர்த்தும்; அடினோசின் ஏ2ஏ வழியாக இறுக்கும். பார்க்கின்சன் நோயில் டோபமின் வற்றிப்போக, அடினோசினின் கை ஓங்குகிறது. ஏ2ஏ ஏற்பியை அடைத்தால் தடை தளருமே என்ற யோசனைக்கு, ஹவாய் தீவிலிருந்து வந்த ஒரு கணக்கும் வலுச்சேர்த்தது. அங்கு வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரைச் சுமார் முப்பது ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், அதிகம் காபி குடித்தவர்களைவிடக் காபியே குடிக்காதவர்களுக்குப் பார்க்கின்சன் வந்த விகிதம் ஐந்து மடங்கு இருந்தது. இந்த முடிவு 2000இல் வெளியானது.

ஜப்பானில் உருவான இஸ்ட்ராடெஃபிலின், காஃபீனின் சாயலில் அமைந்து ஏ2ஏ ஏற்பியை மட்டும் குறிவைக்கும் மாத்திரை. லெவோடோபா எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு, ஒரு வேளை மருந்து வடிந்து அடுத்த வேளை பிடிக்குமுன் உடல் விறைத்துக்கொள்ளும் நேரம் உண்டு. அதைக் குறைப்பதே இதன் வேலை. 2008இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. 2013இல் ஜப்பான் ஏற்றது. 2019இல் அமெரிக்காவும் லெவோடோபாவுடன் சேர்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2021இல் ஐரோப்பிய மருந்து முகமை மறுத்துவிட்டது. ஒரே மருந்துக்கு மூன்று தீர்ப்பு. பலன் இல்லாமல் இல்லை. சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. இதே வகையைச் சேர்ந்த பிரிலாடெனன்ட் 2013இல் கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றது. டோஸாடெனன்ட் சோதனை, வெள்ளணுக்கள் வீழ்ந்து சில நோயாளிகள் இறந்ததால் 2017இல் நிறுத்தப்பட்டது.

காஃபீனையே மருந்தாகப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையும் 2017இல் வெளியானது. அசைவில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. காபி குடிப்பவர்களுக்கு நோய் குறைவாக வருகிறது என்ற கணக்கையும், வந்த நோயைக் காபி ஆற்றும் என்ற நம்பிக்கையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

சிறுநீரகம் கற்பித்த பாடம்

இதயம் பலவீனமடைந்து உடம்பில் நீர் கோத்தவர்களுக்குச் சிறுநீரகமும் தளரும். வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை அடினோசின் ஏ1 வழியாகச் சுருக்குவது அதற்கு ஒரு காரணம். அந்த ஏ1 ஏற்பியை அடைத்தால் நீர் வடியும், சிறுநீரகமும் தப்பும். ரோலோஃபிலின் என்ற மருந்தின் பின்னாலிருந்த இந்தத் தர்க்கம் கச்சிதமானது; சிறிய ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. 2,033 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2010இல் வெளியானபோது நோயாளிகளின் நிலையிலும் லாபமில்லை, சிறுநீரகத்துக்கும் லாபமில்லை. அதோடு, மருந்து பெற்ற சிலருக்கு வலிப்பு வந்தது; மருந்தில்லாதவர்களுக்கு வரவில்லை.

வலிப்பின் காரணத்தை மூளையில் தேட வேண்டும். அங்கே ஏ1 ஏற்பி நரம்புகளின் மிகையான கிளர்ச்சியை ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்கும் காவல். சிறுநீரகத்துக்கென்று அனுப்பிய மருந்து மூளைக்கும் போய், அங்கே நல்ல வேலை செய்துகொண்டிருந்த அடினோசினின் வாயையும் அடைத்துவிட்டது. ஏற்பி ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அதே ஏற்பி வேறெங்கே என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புற்றுநோய்: இன்றைய களம்

தற்போது ஆய்வுகள் மும்முரமாக நடப்பது புற்றுநோயில். 2001இல் அகியோ ஓட்டாவும் மைக்கேல் சிட்கோவ்ஸ்கியும், ஏ2ஏ ஏற்பி இல்லாத எலிகளில் சிறு அழற்சிகூட அடங்காமல் பெருகித் திசுக்களைச் சிதைப்பதைக் காட்டினார்கள். அப்படியானால் நோயெதிர்ப்பு மண்டலம் எல்லை மீறாமல் காப்பதில் ஏ2ஏ முக்கியமானது. அதே குழு 2006இல் காட்டியது இன்னும் கூர்மையானது: அப்படிப்பட்ட எலிகளில் பல, உடலில் வைத்த புற்றுக்கட்டியைத் தாமே ஒழித்துவிட்டன.

காரணம் விளங்கக்கூடியதே. வேகமாக வளரும் கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம், அடினோசின் பெருகும். போதாததற்கு, வெளியே சிந்தும் ஏ.டி.பி.யைப் படிப்படியாக அடினோசினாக மாற்றும் சி.டி.39, சி.டி.73 என்ற நொதிகளும் அங்கே அதிகம். தாக்க வரும் டி செல்கள் அந்த அடினோசினில் மூழ்கி, ஏ2ஏ வழியாக மந்தமாகிவிடுகின்றன. உடலின் சமாதானக் கட்டளையைக் கட்டி தன் கேடயமாக்கிக்கொள்கிறது. ஏ2ஏ ஏற்பியை அடைக்கும் சிஃபோராடெனன்ட் போன்ற மருந்துகளும், சி.டி.73 நொதியைத் தடுக்கும் எதிர்ப்புரதங்களும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. சிறுநீரகப் புற்று நோயாளிகள் சிலரிடம் கட்டி சுருங்கியதைப் பார்த்திருக்கிறார்கள், பலரிடம் பலனில்லை. யாருடைய கட்டியில் அடினோசின் உண்மையிலேயே ஆட்சி செய்கிறது என்று முன்கூட்டியே கண்டறிவதுதான் இந்த முயற்சியின் உயிர்நாடி.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை குறைந்த அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், அழற்சி உள்ள இடத்தில் அடினோசினைப் பெருக்கி நிம்மதி தருகிறது என்பது அதன் செயலுக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களில் ஒன்று. ஏற்பியைக் குறிவைத்து உருவாக்கியதல்ல அந்த மருந்து. உடம்பு தானே அடினோசினைச் சுரக்கும் இடத்தில் அதைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நோயே செய்துவிடுகிறது.

ஏ2ஏ ஏற்பியின் முப்பரிமாண அமைப்பு 2008இல் படிக வடிவில் துலங்கிவிட்டது. அதில் கச்சிதமாகப் பொருந்தும் மூலக்கூறுகளைக் கணினியிலேயே வடிக்க முடிகிறது. பொருத்தம் இன்று பெரிய தடையல்ல. அடினோசினைக் குறிவைத்து இனி வரும் எந்த மருந்தும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதால் பிழைக்கப்போவதில்லை; எங்கே, எவ்வளவு நேரம், யாரிடம் என்ற கேள்விகளுக்குத் தரும் விடையால்தான் பிழைக்கும்.

வாசகருக்கு நடைமுறையில் ஒன்று. மருந்து செலுத்திச் செய்யும் இதய ஸ்ட்ரெஸ் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், குறைந்தது 12 மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், கோலா, சாக்லேட் எதையும் தொடாதீர்கள். இளைப்பு மாத்திரை எடுப்பவராயின் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். காலையில் வாய் தவறிக் காபி குடித்துவிட்டால் அதை மறைக்கவும் வேண்டாம். ஏற்பிகள் காஃபீன் வசம் இருக்கும்போது எடுத்த படத்தில், இருக்கும் அடைப்பும் இல்லாததுபோலத் தெரியலாம்.